ஆயிரத்து நாற்பது அடிச் சிரிப்பு

2016 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, வேலாங்காட்டுப்புதூரில் சிந்தாமணி வீட்டு வாசலோரம் இருந்த தண்ணீரில்லாத போர்க் கிணற்றிலிருந்து மூன்று சிரிப்புகள் அடுத்தடுத்து வந்தன. மூன்றும் ஆண் சிரிப்பு. மூன்றும் ஒரே ஆளுடையவை. அந்த ஆள் அப்போது ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், சத்தீஸ்கரில் யாரோ ஒருவருடைய காட்டில், பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தான்.

அவன் பெயர் செங்கோட்டுவேல், சிந்தாமணியின் கணவன். திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் பாதி வீடுகளில் ஆண்கள் இருக்கமாட்டார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளோடு வடக்கே போயிருப்பார்கள், மழை பிடித்து அங்கே வேலை நின்றால் ஊர் திரும்புவார்கள், மழை விட்டதும் மறுபடி வண்டியேறிவிடுவார்கள். மூன்று மாதம் புருஷன், ஒன்பது மாதம் போன் நம்பர் என்று அந்த ஊர்ப் பெண்கள் சொல்லிக்கொள்வார்கள். செங்கோட்டுவேல் பதினாறு வருடமாக டிரில்லர். கம்ப்ரசர் சத்தத்தில் பாதிக் காது போனவன். காது மந்தமானவர்கள் சத்தமாகப் பேசுவதுபோல அவன் சத்தமாகச் சிரிப்பான். முதலில் விக்கல் மாதிரி ஒன்று, பிறகு துளைக்குள் ராடு இறங்குவதுபோல நீளமாக ஒன்று, கடைசியில் உடைந்த முன்பல் வழியாக ஒரு விசில். அந்த விசிலை வைத்துத்தான் போருக்குள்ளிருந்து வருவது யார் என்று சிந்தாமணி தெரிந்துகொண்டாள்.

அவள் பயப்படவில்லை. இத்தனை சிரிப்பு யாரோடு என்றுதான் முதலில் நினைத்தாள்.

அதற்குச் சற்று முன்பு நடந்தது ஒரு சின்ன விஷயம். மாமியார் பாவாயி, இரண்டு கண்ணிலும் புரை விழுந்து ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக் காத்திருந்தவள், வேப்பமரத்து நிழலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டிக் குடத்துக்குள் தலையை விட்டு எடுக்க முடியாமல் போன ஆட்டுக்கிடா குடத்தோடு நடந்து வந்து அவள் முன்னால் நின்றது. பாவாயி நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க தம்பி. ஹெல்மெட்டைக் கழட்டிட்டு உக்காருங்க" என்றாள். ஆடு அசையவில்லை. வெயிலில் வந்திருக்கிறீர்களே, மோர் கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டாள். ஆடு குடத்துக்குள்ளிருந்து கத்தியது. "செரி, காப்பியே போடச் சொல்றனுங்" என்றாள் பாவாயி.

துணி அலசிக்கொண்டிருந்த சிந்தாமணி, தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த போர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு முட்டச் சிரித்தாள். குழாயை மூடி வைத்திருந்த ஈயச்சட்டி உருண்டு போனது. சிரித்து முடித்து, ஆட்டை விடுவித்து, கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு, இதை யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று இருந்தது. போனை எடுத்து அவன் பெயர் வரை போனாள். பிறகு வைத்துவிட்டாள். அப்போதுதான் போரிலிருந்து அந்த மூன்று சிரிப்பும் வந்தன.

போனை வைத்ததற்குக் காரணம் உண்டு. கொஞ்ச காலமாகவே அவர்களுடைய போன் பேச்சு சாமான் சீட்டு மாதிரி ஆகிவிட்டிருந்தது. அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாச்சா, பாப்பாவுக்குப் பரீட்சை எப்போது, கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதா. அவனுக்குச் சரியாகக் காது கேட்காது என்பதால் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். ஒரு வேடிக்கையை இரண்டாவது தடவை கத்திச் சொன்னால் அதில் வேடிக்கை மிஞ்சாது. அதனால் அவள் வேடிக்கைகளைச் சொல்வதை விட்டாள், அவன் கேட்பதை விட்டான், எந்தச் சண்டையும் இல்லாமலேயே இருவரும் மிக ஒழுங்கானவர்களாக ஆகிப்போனார்கள்.

முன்பு அப்படி இல்லை. அந்தப் போரே அதற்குச் சாட்சி. 2013 ஆகஸ்டில் மழை விடுப்புக்கு வந்தவன், முதலாளியின் வண்டியை ஒருநாள் இரவல் வாங்கி, சொந்த வாசலில் போர் போட்டான். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கும் குமரேசன் முந்நூறு அடியில் தண்ணீர் என்று சொல்லியிருந்தார். முந்நூறில் புழுதி வந்தது. அறுநூறில் புழுதி வந்தது. இருபதடி ராடு ஐம்பத்திரண்டை இறக்கி ஆயிரத்து நாற்பது அடி போன பிறகும் வெள்ளைக்கல்லின் மாவுதான் பறந்தது. நான்கு மாநிலத்துக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று ஊரே உச்சுக்கொட்டியபோது, தலையிலிருந்து கால்வரை வெளுத்து, கண்ணும் பல்லும் மட்டும் தெரிய நின்ற செங்கோட்டுவேல், அதேபோல வெளுத்து நின்ற மனைவியைப் பார்த்தான். "தண்ணி வல்லீனா போச்சாது புள்ள, மாவு மில்லு வெச்சுக்கலாம்" என்றான். இருவரும் அந்தக் குழாயின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, மாவு கண்ணீரோடு கரைந்து கோடுகோடாக இறங்கும்வரை சிரித்தார்கள். ஊர்க்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கலைந்து போனார்கள்.

கடைசியாக அவன் ஊரில் இருந்த எழுபத்து நான்கு நாட்களில் அவன் ஒருமுறைகூடச் சிரித்ததாக அவளுக்கு நினைவில்லை. வண்டியேறும் காலையில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் போய்விட்டால் உனக்குக் கஷ்டமாக இருக்குமா என்று கேட்டான். அவன் அப்படிக் கேட்கிறவன் இல்லை. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "பழகிப்போச்சுங்" என்றாள். அவனுக்கு அது முதல் தடவையிலேயே கேட்டுவிட்டது. தலையை ஆட்டிவிட்டுப் போனான். அந்த ஒரு சொல்லை எப்படித் திருப்பி வாங்குவது என்பதுதான் அதன் பிறகு நான்கு மாதமாக அவளுக்கு இருந்த ஒரே யோசனை; மாத்திரைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் அதைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை.

மறுநாளும் பதினொன்றே காலுக்குச் சிரிப்பு வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. நான்காம் நாள் அவள் போனில், சாதாரணமாகக் கேட்பதுபோல, பதினொன்றே காலுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டாள். டீ நேரம் என்றான். யாரெல்லாம் இருப்பார்கள் என்று கேட்டாள். யார் இருப்பார்கள், நாங்கள் ஏழு பேரும் ஒரு குழியும்தான் என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

முதலில் தெரிந்துகொண்டவள் பாவாயிதான். ஏதோ ஒரு காலிப்பயல் போருக்குள் விழுந்துவிட்டு வெட்கமில்லாமல் சிரிக்கிறான் என்று திட்ட ஆரம்பித்தவள், விசில் வந்ததும் நிறுத்தினாள். அவன் அப்பனும் இப்படித்தான், எதற்குச் சிரித்தேன் என்று சொல்லாமலேயே செத்துப்போனான் என்றாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரிகள் கேட்டார்கள். அப்புறம் பால்காரர் கேட்டார். ஒரு வாரத்துக்குள் வேலாங்காட்டுப்புதூர் முழுவதும் அந்தக் குழாயைச் சுற்றி நின்று கேட்டுவிட்டது.

வேறு ஊராக இருந்தால் பூசாரியையோ டாக்டரையோ கூப்பிட்டிருப்பார்கள். இது போர்க்காரர்களின் ஊர். பூமிக்குள்ளிருந்து எது வந்தாலும் அளக்கத் தெரிந்தவர்கள். ஒரு போரில் எவ்வளவு தண்ணீர் என்பதை அங்கே இஞ்சில்தான் சொல்வார்கள், ஒன்றரை இஞ்சு, இரண்டு இஞ்சு என்று. குமரேசன் தேங்காயோடு வந்து குழாயருகே நின்றார். சிரிப்பு வந்தபோது படுத்திருந்த தேங்காய் அவர் கையில் எழுந்து நின்றது. இரண்டே கால் இஞ்சு என்று சொல்லிவிட்டு, 2013-இல் நான் சொன்னது தவறில்லை, ஓட்டம் இருக்கிறது என்றுதான் சொன்னேன், என்ன ஓட்டம் என்று யாரும் கேட்கவில்லை என்றார். ராடு கணக்குப் போட்டவர்கள் சிரிப்பு அறுநூற்று நாற்பதாவது அடியில் ஊறுகிறது என்றார்கள். இல்லை, அதற்குக் கீழே என்று ஒரு கட்சி இருந்தது. எதற்காகச் சிரிக்கிறான் என்று மட்டும் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அது சிந்தாமணியின் கவலையாகவே இருந்தது.

மாரியம்மன் கோயில் மரத்தடியில் கூடிப் பேசி ஒன்றை முடிவு செய்தார்கள்: செங்கோட்டுவேலுக்கு இது தெரியக்கூடாது. தன்னை ஊர் கேட்கிறது என்று தெரிந்த மனிதன் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் சிரிப்பான், அது வேறு சிரிப்பு என்று பால்காரர் சொன்னார். எந்த ரகசியத்தையும் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காத அந்த ஊர், இதை மூன்று மாதம் காத்தது.

வடக்கே புருஷனை அனுப்பியிருந்த மற்றப் பெண்கள் பதினொரு மணிக்கெல்லாம் அவரைக்காய் உரிக்க, முருங்கைக்கீரை ஆய என்று எதையாவது எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். சிரிப்பு வரும்போது ஒவ்வொருத்தியும் கையை நிறுத்தி, ஒவ்வொரு பக்கம் பார்த்தாள். அது செங்கோட்டுவேலின் சிரிப்புத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அந்த அரை நிமிடத்துக்கு அது ராஜஸ்தானிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிற சிரிப்பாகவும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் இடைவேளை மணியைக் கால் மணி நேரம் தள்ளி வைத்தார். பெண் பார்க்க வருகிறவர்களிடம் ஜாதகத்துக்கும் தோட்டத்துக்கும் அடுத்தபடியாக மாப்பிள்ளை எப்படிச் சிரிப்பார் என்று கேட்கும் வழக்கம் அந்தத் தை மாதத்தில்தான் வந்தது. மேற்கு வீட்டு கௌசல்யா ஒரு வரனை வேண்டாம் என்றுவிட்டாள். பையனிடம் எல்லாம் சரி, ஆனால் சுற்றி எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறான், இவனோடு தனியாக ஒரு வீட்டில் இருந்தால் எனக்குப் பயமாக இருக்கும் என்று சொல்லிவிட்டாள்.

சிந்தாமணி தினமும் பதினொன்றேகாலுக்கு டீ போட்டு எடுத்துக்கொண்டு குழாயருகே உட்காருவாள். அவன் அங்கே குடிக்கிற நேரத்தில் இவள் இங்கே குடித்தாள். அவன் டீயில் சர்க்கரை போதவில்லை என்று முகம் சுளிப்பது, தம்ளரின் அடியில் மிஞ்சியதைச் சுழற்றி வீசுவது எல்லாம் அவளுக்குத் தெரியும். எதிரில் ஆள் இருந்தபோது பார்க்காமல் விட்டதையெல்லாம் சத்தத்தை வைத்துப் பார்த்தாள். சிரிப்பு வந்ததும் காரணம் தெரியாமலே அவளும் சிரிப்பாள். அவள் சிரித்ததும் உள்ளே சிரிப்பு இன்னொரு சுற்று எழும்பும். சில நாள் இருவரும் மாற்றி மாற்றிப் போய், டீ ஆறிவிடும். எழுந்து உள்ளே போகும்போது வீடு முன்பைவிடக் காலியாக இருக்கும்.

குழாய்க்குள் ஒரு வார்த்தை பேசிப்பார்க்கலாமே என்று ஒருத்தி சொன்னாள். சிந்தாமணி மறுத்துவிட்டாள். ஒருவேளை அவனுக்குக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். கேட்காவிட்டால், அது இன்னும் மோசம்.

மார்ச் கடைசியில் ராக்கியண்ணன் போர் போட்டார்.

ராக்கியண்ணன் மூன்று ரிக் வண்டிக்கு முதலாளி, செங்கோட்டுவேலுக்கும் முதலாளி, சிந்தாமணியின் வீட்டுக்கு அடுத்த மாடி வீட்டுக்காரர். பக்கத்துக்காரன் போரில் தண்ணீர் வந்தால் வேலியோரம் அவனைவிட ஆழமாக ஒரு போர் இறக்கி ஓட்டத்தைத் தன் பக்கம் திருப்புவது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. ராக்கியண்ணன் அதைத்தான் செய்தார். சிந்தாமணியின் குழாயிலிருந்து பதினான்கு அடி தள்ளி வண்டியை நிறுத்தினார்.

சிந்தாமணி வேலியோரம் வந்து நின்றாள். "ஏனுங்ணா, என்ற ஊட்டுக்காரரு சிரிப்பு உங்களுக்கு எதுக்குங்?"

"சத்தத்துக்குப் பட்டா இருக்குதா அம்மிணி? பூமிக்குக் கீழ போனா எல்லாம் பொது" என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "என்ற ஊட்ல பதினேழு வருசமா குக்கர் மட்டுந்தான் சத்தம் போடுது" என்றார்.

அது ஊருக்கே தெரியும். அவரும் மனைவி குஞ்சம்மாளும் எதற்காகப் பேச்சை நிறுத்தினார்கள் என்பது அவர்களுக்கே மறந்துபோயிருந்தது. அவர் கீழே, அவள் மாடியில், டிவி சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாகக் குடும்பம் நடந்தது. சிந்தாமணிக்கு அதற்கு மேல் சண்டை பிடிக்க மனம் வரவில்லை.

ஆயிரத்து நூறு அடி இறக்கினார்கள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு ராக்கியண்ணன் வெள்ளைச் சட்டை வேட்டியோடு குனிந்து துளையில் காதை வைத்தபோது, உள்ளே அடைபட்டிருந்த காற்று மாவை அள்ளி அவர் மேல் வீசியது. அவர் நிமிரவில்லை. அப்படியே சிலை மாதிரி வெளுத்துக் குனிந்திருந்தார். அப்போது ஒரு சிரிப்பு கேட்டது, கரகரப்பாக, துருப்பிடித்த தாழ்ப்பாள் திறப்பதுபோல. "வந்துருச்சு" என்று ராக்கியண்ணன் துளையைப் பார்த்துக் கத்தினார். சுற்றி நின்றவர்கள் மேலே கையைக் காட்டினார்கள். மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குஞ்சம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவருடைய போரிலிருந்து அன்றும் எதுவும் வரவில்லை, பிறகும் வரவில்லை. ஆனால் சிந்தாமணியின் குழாயில் சிரிப்பு குறைந்துபோனது. மறுநாள் ஒரு இஞ்சு என்றார் குமரேசன். மூன்றாம் நாள் அரை. சிந்தாமணி அவரைக்காய் உரிக்க வந்தவர்களை அனுப்பிவிட்டு, டீயும் போடாமல், இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டு காவல்காரி மாதிரி உட்கார்ந்தாள். யார் சிரிக்க வைத்தாலும் சிரிக்கவில்லை. சிரித்தால் அந்தச் சத்தத்தில் அவனுடையது கேட்காமல் போய்விடும் என்று பயந்தாள். ஏழாம் நாளிலிருந்து போரில் ஒன்றுமே இல்லை. போனில் சிலிண்டர் பற்றி விசாரித்தான். வந்துவிட்டது என்றாள்.

அந்த நேரம் பார்த்து உத்தரவு வந்தது. தண்ணீரில்லாத போர்களை ஏப்ரல் 11-க்குள் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்து மூட வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் படிவத்தோடு வந்தார். அவர் நல்லவர், பிப்ரவரியில் அவரே மனைவியோடு இரண்டு தடவை வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனவர். படிவத்தில் நீர் உள்ளது, நீர் இல்லை என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. சிரிப்பு இருந்தது என்று சிந்தாமணி சொன்னாள். அதற்குக் கட்டம் இல்லையே அம்மா என்றார். அவள் உத்தரவை இரண்டு தடவை படித்தாள். குழந்தைகள் விழுந்து சாவதைத் தடுக்கப் போட்ட உத்தரவு. அதோடு அவளுக்கு வழக்கில்லை. தன் பெண்ணும் அந்த வாசலில்தான் விளையாடுகிறாள். கையெழுத்துப் போட்டாள்.

ஏப்ரல் 11, திங்கட்கிழமை. பற்றவைக்கிறவர் பத்து மணிக்கே தகட்டோடு வந்து நிழலில் உட்கார்ந்துவிட்டார். பதினொன்றே கால்வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். ஊரில் பாதிப்பேர் நின்றார்கள். ராக்கியண்ணனும் குஞ்சம்மாளும் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே குடையில் நின்றார்கள், அதை யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பதினொன்றே கால் ஆயிற்று. குழாய் பேசாமல் இருந்தது.

சிந்தாமணி மண்டியிட்டு, குழாயின் விளிம்பில் வாயை வைத்து, அரைக்காது மனிதனுக்குச் சொல்வதுபோலக் கத்திச் சொல்ல ஆரம்பித்தாள். ஆட்டின் கதையைச் சொன்னாள். குடம் என்ன நிறம், ஆடு எப்படித் தள்ளாடி வந்தது, அத்தை முந்தானையை எப்படி இழுத்துவிட்டுக்கொண்டாள், மோரிலிருந்து காப்பிக்கு எப்படி மாறினாள் என்று ஒன்று விடாமல், பாவாயியின் குரலிலும் ஆட்டின் குரலிலும் சொன்னாள். கட்டிலில் இருந்த பாவாயி, அந்தத் தம்பி அப்புறம் வரவே இல்லையே என்றாள். கூட்டம் சிரித்தது. சொல்லி முடிக்கும்போது மூன்று மாதம் முன்பு வந்த அதே சிரிப்பு சிந்தாமணிக்கும் வந்துவிட்டது. அது அடங்கியதும், இன்னும் குனிந்து, பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்காதபடி ஒன்றைச் சொன்னாள்.

"பழகலை மாமா."

உள்ளேயிருந்து எதுவும் வரவில்லை. கால் மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு அவள் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, பற்றவைக்கிறவரிடம், மூடிருங்ணா என்றாள். பன்னிரண்டு மணிக்குள் வேலை முடிந்தது. தகடு சூடு ஆறும்வரை ஆட்டைக் கட்டி வைத்தார்கள்.

மறுநாள் பதினொன்றே காலுக்கு அவள் பழக்கத்தில் டீ போட்டாள். குழாயருகே போகவில்லை. அடுப்படியிலேயே நின்று குடித்தாள். பதினொன்று பதினாறுக்குப் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவிர அவன் கூப்பிட்டதே கிடையாது. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் எடுத்தாள்.

அந்தப் பக்கம் கம்ப்ரசர் ஓடவில்லை. தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"ஹெல்மெட்டைக் கழட்டுச்சா?" என்று கேட்டான்.

அவள் தம்ளரை அடுப்பு மேடையில் வைத்தாள். கழற்ற மாட்டேன் என்றது, நான்தான் இழுத்துக் கழற்றினேன் என்று சொன்னாள். ஒரு தடவைதான் சொன்னாள். விக்கல் மாதிரி ஒன்று, ராடு இறங்குவது மாதிரி ஒன்று, பிறகு விசில். போனில் அது ஒன்றரை இஞ்சுகூட வராது, இரைச்சலோடும் வந்தது, ஆனால் காதோடு வந்தது. நெடுநேரம் சிரித்தார்கள். பாவாயி வெளியிலிருந்து யாரது வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். சிரிப்பு தீர்ந்து, மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் இருந்தபோது, அவன் சொன்னான்.

"எனக்கும் பழகலை புள்ள."

மீதியை அவன் ஊருக்கு வந்தபிறகுதான் சொன்னான். மழைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கும்போதே, ஜூன் 9-ஆம் தேதி, ராக்கியண்ணனே சொல்லியனுப்பி வந்தான். முதல் இரண்டு நாள் இருவருக்கும் கூச்சமாக இருந்தது. பெண் பார்க்க வந்தவனும் பார்க்கப்பட்டவளும்போல எதிரெதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் மூடிய குழாயின் மேல் உட்கார்ந்து டீ குடித்தபடி சொன்னான்: ஜனவரியில் ஒருநாள், டீ நேரத்தில், திறந்திருந்த குழிக்குள்ளிருந்து ஒரு பெண் சிரித்தாள். அது உங்கள் வீட்டம்மாதான் என்று வண்டி ஆட்கள் சொல்வதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமலேதான் சிரித்தான். எந்த ஊரில் குழி போட்டாலும் அதே நேரத்துக்கு வந்தது. அங்கே நிலத்துக்காரர் ஒருவர் குழிக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டார். ஏழு பேரும் கூடிப் பேசி, ஊருக்கு இதைச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். தெரிந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள் என்று.

ஏப்ரல் 11-இல் அவர்கள் வழியில் இருந்தார்கள், எங்கும் குழி இல்லை. மறுநாள் புதிய இடத்தில் ஐம்பத்திரண்டாவது ராடு இறங்கியபோது ஆட்டின் கதை முழுவதுமாக மேலே வந்தது, அதன் பின்னால் அந்தச் சின்னக் குரலும், அதற்கும் பின்னால் மூன்று இஞ்சு தண்ணீரும் வந்தன.

மார்ச் மாதத்தில் ராக்கியண்ணன் ஓட்டத்தை வெட்டிவிட்டதால்தான் சிரிப்பு நின்றது என்று சிந்தாமணி சொன்னாள். அவன் தம்ளரின் அடியில் மிஞ்சியதைச் சுழற்றி வீசினான்.

"அந்தப் பத்து நாளு உன்ற சத்தமே காணமே. அப்புறம் நான் எதுக்குப் புள்ள சிரிப்பேன்?"

ஆகஸ்டில் பாவாயிக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. கட்டவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்று கிடாவைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு, தம்பி தாடியெல்லாம் வளர்த்துவிட்டாரே என்றாள். தெரிந்து சொன்னாளா தெரியாமல் சொன்னாளா என்று அந்த வீட்டில் இருவரும் பல நாள் தர்க்கம் செய்தார்கள்.

குமரேசன் மூடிய போரை இன்றும் இரண்டே கால் இஞ்சு என்றுதான் சொல்கிறார். ராக்கியண்ணன் தன் போரையும் மூடிவிட்டார். மாடியில் இப்போது டிவி இல்லை.

2016 அக்டோபர் 3, திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்குச் செங்கோட்டுவேல் மறுபடி வடக்கே வண்டியேறினான். பதினொன்றே காலுக்குப் போன் அடித்தது. வண்டி அப்போது வடக்கு வழியில் முதலில் வரும் தொப்பூர்க் கணவாயைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.